மனநல வழக்கும் நீதிமன்ற ஏடும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காணி வழக்கைப் பற்றி விசாரிக்க வருபவர் பதிவாளர் கந்தோர் யன்னலடியில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்பார். மனநல வழக்கைப் பற்றிக் கேட்க வருபவர் வரிசை குறையும்வரை தள்ளி நிற்பார். பிறகு பின்னால் நிற்பவருக்குக் கேட்காதபடி மெல்லக் கேட்பார். உள்ளே இருப்பவரும் வேலை அவசரத்தில் அரைப் பதில் சொல்லி அனுப்பிவிடுவார். வன்னி நீதிமன்றங்களில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அந்த அரைப் பதில்களை இங்கே முழுதாக்கிப் பார்க்கிறேன். இது பொதுவான விளக்கம்தான். உங்கள் வழக்கில் என்ன செய்வது என்பதைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

மகனை மனநல வார்ட்டில் சேர்த்திருக்கிறோம். கோட்டில் பைல் திறந்திருப்பார்களா?

பெரும்பாலும் இல்லை. வவுனியா ஆஸ்பத்திரியிலோ தெல்லிப்பழையிலோ சேர்க்கப்படுகிற அநேகம் பேர் நீதிமன்ற வாசலை மிதிப்பதே இல்லை. மனநோய்கள் கட்டளைச் சட்டம் 1873இல் வந்தது. அதன் பழைய வழி மாவட்ட நீதிமன்றத்தின் ஊடாகப் போகிற வழி. 1956ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கத் திருத்தம் வேறு இரண்டு வழிகளைத் திறந்துவிட்டது. ஒன்று, நோயாளி தானே விரும்பிச் சேர்வது. மற்றது, இரண்டு வைத்தியர்களின் சிபாரிசோடு தற்காலிக நோயாளியாகச் சேர்ப்பது. இந்த இரண்டிலும் காகிதமெல்லாம் ஆஸ்பத்திரியில்தான் இருக்கும். நீதிமன்றத்தில் வந்து தேடினால் ஒன்றும் அகப்படாது. அகப்படவில்லை என்பதற்காக யாரோ ஒளித்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

அப்போ எந்த வழக்குகள்தான் கோட்டுக்கு வருகின்றன?

மூன்று வகை. மூன்றையும் சனம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் யன்னலடியில் பாதி நேரத்தைத் தின்கிறது.

முதலாவது, ஒருவர் சித்த சுவாதீனம் இழந்தவர் என்று எழுத்தில் தகவல் கொடுத்து, மாவட்ட நீதிமன்றம் விசாரித்து, வைத்தியரின் சாட்சியம் கேட்டு, ஆஸ்பத்திரியில் வைத்திருக்கக் கட்டளை இடுவது. இது கட்டளைச் சட்டத்தின் கீழ் வருவது.

இரண்டாவது, சொத்துள்ள ஒருவரால் தன் காரியத்தைத் தானே பார்க்க முடியவில்லை என்று உறவினர் மனுப் போடுவது. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 39ஆம் அத்தியாயம் இதற்கென்றே இருக்கிறது. நீதிமன்றம் விசாரித்துச் சொத்துக்கு ஒரு முகாமையாளரை நியமிக்கலாம். நீதித்துறைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு இப்படிப்பட்டவர்களின் ஆள்மீதும் சொத்துமீதும் மாவட்ட நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது.

மூன்றாவது குற்ற வழக்கு. எதிரியால், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரால், தன் வழக்கை நடத்த முடியாத மனநிலை என்று நீதவானுக்குப் பட்டால், 1979இன் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை 374ஆம் பிரிவிலிருந்து சொல்கிறபடி வைத்தியரிடம் காட்டி விசாரிக்க வேண்டும். குற்றம் செய்த நேரத்தில் சித்தம் சரியில்லை என்பது இன்னொரு விஷயம். அது தண்டனைச் சட்டக்கோவை 77ஆம் பிரிவின் கீழ் எடுக்கிற எதிர்வாதம். முதலில் சொன்னது இன்றைய மனநிலை, பிறகு சொன்னது சம்பவத்தன்று இருந்த மனநிலை. பைலில் இரண்டையும் கலந்து எழுதினால் பிறகு மேல் நீதிமன்றத்தில் தலையிடி.

எழுதுவினைஞர் உண்மையில் என்ன எழுதுகிறார்?

வழக்குப் பைலைத் திறந்ததும் முன்னால் இருப்பது நாளேடு. கந்தோரில் ஜேர்னல் என்றே சொல்வோம். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 92ஆம் பிரிவு அதைப் பற்றிச் சொல்கிறது: வழக்குத் தொடங்கிய அன்றே நாளேடும் தொடங்க வேண்டும். நடக்கிறவை நடக்கிற ஒழுங்கிலேயே பதியப்பட வேண்டும். ஒவ்வொரு பதிவிலும் நீதிபதி திகதியிட்டுக் கையொப்பம் வைக்க வேண்டும். அந்த நாளேடுதான் வழக்கின் பிரதான ஏடு.

ஒரு பக்கத்தை எடுத்துப் பார்ப்போம். இடது பக்கத்தில் தொடர் இலக்கமும் திகதியும். அடுத்து: மனுதாரர் முற்பட்டார், அவருக்காக இன்ன சட்டத்தரணி தோன்றினார். எதிர்மனுதாரர், அதாவது நோயாளி, முற்பட்டாரா இல்லையா, முற்படாவிட்டால் ஏன். வைத்திய அறிக்கை வந்ததா, வந்தால் எந்தத் திகதியிட்டது, யார் கையொப்பமிட்டது. நீதிபதியின் கட்டளை. அடுத்த தவணை, அதாவது வழக்கு மறுபடி கூப்பிடப்படும் நாள். பிறகு பச்சை மையிலோ நீல மையிலோ நீதிபதியின் சுருக்கக் கையொப்பம்.

இதில் நான் புதிய பிள்ளைகளுக்கு அழுத்திச் சொன்னது ஒன்றுதான்: நோயாளி முற்பட்டாரா என்ற வரியை எந்த நாளும் விட்டுவிடக்கூடாது. காணி வழக்கில் எதிராளி வரவில்லை என்றால் வழக்கு அவருக்குத் தோற்கும், அவ்வளவுதான். இங்கே விசாரிக்கப்படுவதே எதிர்மனுதாரருடைய மனநிலை. அவரை நீதிபதி கண்டாரா, அவரிடம் ஏதாவது கேட்டாரா, அவர் என்ன சொன்னார் என்பது ஏட்டில் இல்லாவிட்டால், அவர் இல்லாமலே எல்லாம் முடிந்தது என்றுதான் மேன்முறையீட்டில் வாசிப்பார்கள். வார்ட்டிலிருந்து கொண்டுவர முடியவில்லை என்றால் அதைச் சொன்னது யார், எந்தக் கடிதத்தில் என்றும் எழுத வேண்டும்.

பின்னேரம் ஐந்து மணிக்கு எல்லா பைல்களையும் அடுக்கிவைத்துக்கொண்டு ஞாபகத்திலிருந்து எழுதுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. இந்த வகை வழக்கில் அது கூடாது.

மனுக் கொடுக்க வரும்போது யன்னலில் என்ன பார்ப்பார்கள்?

மனு, அதை ஆதரிக்கிற சத்தியக்கடதாசி, இணைப்புகள், முத்திரை. சத்தியக்கடதாசி சமாதான நீதவான் அல்லது சத்தியப்பிரமாண ஆணையாளர் முன் ஒப்பமிடப்பட்டிருக்க வேண்டும். இணைப்புகளில் இட்ட அடையாளக் குறிகளும் மனுவில் சொன்ன குறிகளும் ஒத்துப்போக வேண்டும். பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

பெயரில்தான் வன்னியில் சிக்கல். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், இடம்பெயர்ந்திருந்தபோது முகாமில் பதிந்த பெயர் வேறு, கிளினிக் கொப்பியில் வீட்டுப் பெயர். ஒரே ஆள்தான் என்று கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலையும் சேர்த்துக் கொண்டுவந்தால் ஒரு தவணை மிச்சம்.

இன்னொன்று, நெருங்கிய உறவினர் யார் யார் என்பது. கணவன் எங்கே என்று கேட்டால் பதில் சொல்லாமல் நிலத்தைப் பார்க்கிற பெண்கள் இங்கே நிறையப் பேர். 2009க்குப் பிறகு அவர் வரவில்லை, ஆனால் இறந்துவிட்டார் என்று எழுத மனம் இல்லை. எழுதவும் தேவையில்லை. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் 2016இல் திருத்தப்பட்டு, மரணச் சான்றிதழ் எடுக்காமலே காணாமற்போனதற்கான சான்றிதழ் பெற வழி வந்தது. அது இருந்தால் இணையுங்கள். இல்லாவிட்டால் நடந்ததை நடந்தபடி சத்தியக்கடதாசியில் சொல்லுங்கள். எழுதுவினைஞர் தன் பாட்டில் அதை இறந்தவர் என்று மாற்றி எழுதக்கூடாது.

எழுதத் தெரியாது. மனுவை எழுதுவினைஞரே எழுதித் தருவாரா?

மாட்டார், தரவும் கூடாது. இன்று உங்களுக்கு எழுதிக் கொடுத்தவர் நாளை மற்றப் பக்கத்துக்கும் அந்தப் பைலைக் காட்ட வேண்டியவர். வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளையை நாடுங்கள்.

வைத்திய அறிக்கை ஆங்கிலத்தில். ஏடு தமிழில். எது செல்லும்?

அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி, தமிழ் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகளில் நீதிமன்ற ஏடும் நடவடிக்கைகளும் தமிழில்தான். வைத்தியர் ஆங்கிலத்தில் எழுதுவார். மூல அறிக்கை பைலில் இருக்க வேண்டும், நீதிமன்ற உரைபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு அதற்கு அடுத்த பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் வைக்கக்கூடாது. மேன்முறையீடு கொழும்புக்குப் போகும்போது ஏடு அந்த நீதிமன்றத்தின் மொழியிலும் தயாரிக்கப்பட வேண்டும். ஏட்டறையில் மாதக்கணக்கு இழுபடுவது அநேகமாக இந்த இடத்தில்தான். மூலம் தொலைந்திருந்தால் மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்புத்தான் மேலே போகும்.

ஊரில் யாராவது போய் அந்தப் பைலைப் பார்க்க முடியுமா?

வழக்கின் தரப்பினரும் அவர்களுடைய சட்டத்தரணிகளும் முறையாக விண்ணப்பித்துப் பார்க்கலாம். பொது ஆவணத்தைப் பார்க்க உரிமையுள்ளவருக்குக் கட்டணம் பெற்று உறுதிப்படுத்திய பிரதி கொடுக்க வேண்டும் என்கிறது சாட்சியக் கட்டளைச் சட்டம் 76ஆம் பிரிவு. அந்த உரிமை யாருக்கு என்பதில்தான் கேள்வி. அயல்வீட்டுக்காரருக்கோ, சம்பந்தம் பேச வந்த தரகருக்கோ அது இல்லை. சந்தேகம் வந்தால் எழுதுவினைஞர் தானாக முடிவெடுக்காமல் விண்ணப்பத்தை நீதிபதி முன் வைக்க வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்ததும் எல்லாம் திறந்துவிட்டது என்று சிலர் வந்தார்கள். 2016இன் 12ஆம் இலக்கச் சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் அதன் 5ஆம் பிரிவு, ஒருவருடைய மருத்துவப் பதிவுகளை அவரது எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கொடுக்க வேண்டியதில்லை என்கிறது.

நடைமுறையில் ஓட்டை வேறிடத்தில். அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரைப்படி நீதிமன்ற அமர்வுகள் பொதுவானவை. குடும்ப உறவு சம்பந்தப்பட்டவை போன்ற சில விஷயங்களில் நீதிபதி வெளியாட்களை வெளியே போகச் சொல்லலாம். அப்படிச் சொல்லாவிட்டால் வழக்குக் கூப்பிடும்போது பெயர் மண்டபம் முழுக்கக் கேட்கும். சின்ன ஊர், ஒரு பெயரைக் கேட்டதும் யாருடைய பேரன் என்று சொல்லக்கூடியவர்கள் அங்கே இருப்பார்கள். ஒரு நீதிமன்றத்தில் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய வழக்குப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் வழக்கின் வகையையும் முழுதாக எழுதி வைத்திருந்தார்கள். பெயரை இலக்கமாக மாற்ற எழுதுவினைஞருக்கு அதிகாரம் இல்லைதான். ஆனால் பலகையில் வழக்கு இலக்கமும் பெயரும் போதும். பைலை மேசையில் அட்டைப்பக்கம் மேலே தெரிய விரித்து வைக்காமலும் இருக்கலாம். இதற்கெல்லாம் சட்டத் திருத்தம் தேவையில்லை.

அண்ணனை அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் கனகாலம். பைல் என்ன ஆகும்?

இந்தப் பக்கத்தில் ஒரு கேள்வியை மட்டும் வாசிப்பதென்றால் இதை வாசியுங்கள்.

குற்ற வழக்கில் எதிரியை வைத்தியப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டால் வழக்கு முடிந்துவிடுவதில்லை, நின்று காத்திருக்கிறது. ஆள் தேறியதும் விசாரணை திரும்பத் தொடங்க வேண்டும். இதற்கிடையில் ஆள் ஆஸ்பத்திரியில், சில வேளை சிறையில். பைல் முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ. இரண்டையும் இணைக்கிற ஒரே நூல் தவணைத் திகதி. தவணை போட மறந்த பைல் அலுமாரிக்குள் போய்விட்டால் அதை யாரும் கூப்பிடமாட்டார்கள்.

மிகையாகச் சொல்லவில்லை. 2008இல் இலங்கைச் சிறையிலிருந்து எண்பது வயதளவான ஒரு முதியவர் விடுவிக்கப்பட்டார். ஏறத்தாழ 50 வருடம் விசாரணையே இல்லாமல் உள்ளே இருந்தவர். இடையில் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து சிறைக்குத் திரும்பியவர், அத்தோடு மறக்கப்பட்டுவிட்டார்.

எழுதுவினைஞர் செய்ய வேண்டியவை சின்னச் சின்ன வேலைகள்தான். ஆளை அனுப்புகிற கடிதத்தில் நீதிமன்றத்தின் பெயர், வழக்கு இலக்கம், அடுத்த தவணை மூன்றும் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரி பதில் எழுதும்போது தன் வார்ட் இலக்கத்தைப் போட்டு எழுதும், நம் வழக்கு இலக்கம் அதில் இராது. அப்படி வந்த கடிதத்தைத் தபால் பதிவேட்டில் ஏற்றி ஒரு மூலையில் போட்டால் அது அங்கேயே கிடக்கும். யாருடையது என்று தேடிப் பிடித்து, அன்றே பைலில் கோத்து, நாளேட்டில் பதிந்து, நீதிபதிக்குக் காட்ட வேண்டும். ஆள் தேறிவிட்டார் என்று வைத்தியர் எழுதியிருந்தால் அடுத்த தவணைவரை அதைப் பிடித்து வைத்திருக்கக்கூடாது. தவணையை முன்னுக்கு எடுக்க நீதிபதியால் முடியும், அவருக்குத் தெரிந்தால்தானே.

குடும்பத்தவர் செய்யக்கூடியதும் உண்டு. வழக்கு இலக்கத்தை எழுதி வைத்திருங்கள். ஒவ்வொரு தவணைக்கும் யாராவது ஒருவர் வாருங்கள். வர வசதி இல்லாவிட்டால் அடுத்த தவணை எப்போது என்றாவது கேட்டுக்கொள்ளுங்கள். "தவணை இல்லை, பைல் உள்ளே போய்விட்டது" என்று பதில் வந்தால் அன்றைக்கே ஒரு சட்டத்தரணியைப் பிடியுங்கள்.

அண்ணன் மனநோயாளி என்று கட்டளை எடுத்தால் அவருடைய காணியை நாங்கள் எழுதலாமா?

இப்படி நேராகக் கேட்பவர்கள் குறைவு. சுற்றி வளைத்துக் கேட்பவர்கள் அதிகம். ஆஸ்பத்திரியில் வைத்திருக்க இட்ட கட்டளை காணியைக் கையில் தராது. அதற்கு இரண்டாவது வகை மனு வேண்டும். அதில் முகாமையாளராக நியமிக்கப்படுகிறவர் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும், காணியை விற்கவோ ஈடுவைக்கவோ நீதிமன்றத்தின் அனுமதி எடுக்க வேண்டும். கணக்குக் கொடுக்க வேண்டிய திகதி தாண்டிவிட்டால் பைலை நீதிபதி முன் எடுத்து வைப்பது கந்தோரின் வேலை. உண்மையைச் சொன்னால் இது அநேக இடங்களில் நடப்பதில்லை. யாராவது முறைப்பாடு செய்தால்தான் பைல் வெளியே வரும். அதுவரை தம்பிமார் நெல் விதைத்து அறுவடை செய்துகொண்டிருப்பார்கள்.

வன்னியில் இன்னொரு சங்கதி. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குடியேற்றத் திட்டங்களில் பல குடும்பங்களிடம் காணி உறுதி இல்லை, 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான உத்தரவுப்பத்திரம்தான் இருக்கிறது. அங்கே பிரதேச செயலகத்தைக் கேட்காமல் ஒன்றும் நகராது. ஆகவே உத்தரவுப்பத்திரத்தின் பிரதியை மனுவோடு இணைத்துவிடுங்கள்.

தேசவழமைக்கு, அதாவது வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டத்துக்கு, உட்பட்ட பெண்கள் கேட்பது வேறு. தன் காணியை எழுதக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், கணவனோ மனநிலை சரியில்லாதவர் அல்லது இருக்கிற இடமே தெரியாதவர். 1911இன் திருமண உரிமைகளும் உரிமை வழியும் பற்றிய யாழ்ப்பாணக் கட்டளைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, இந்த இரண்டு நிலையிலும் மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுப் போட இடம் தருகிறது. கணவனை ஆஸ்பத்திரியில் அடைக்கத் தேவையில்லை. இதைத் தெரியாமல் பெரிய வழக்குக்கு ஆயத்தமாகி வந்த அம்மாமாரைக் கண்டிருக்கிறேன்.

பழைய பைல் சண்டையில் அழிந்துவிட்டது என்கிறார்கள். இனி என்ன?

காகிதம் பல கைகளில் இருந்திருக்கும். சட்டத்தரணியின் கந்தோரில் ஒரு தொகுதி, பொலிஸிடம் குற்ற வழக்கின் பிரதி, ஆஸ்பத்திரியில் நீதிமன்றம் அனுப்பிய கட்டளை, வீட்டில் பொலித்தீன் பையில் சுற்றிக் காவிக்கொண்டு திரிந்த ஒற்றைத் தாள். கடைசியாகச் சொன்னதைக் குறைவாக நினைக்காதீர்கள். கிடைத்ததைச் சேர்த்து, ஏட்டை மீளமைக்கக் கேட்டு விண்ணப்பிக்கலாம். எந்தத் தாள் யாரிடமிருந்து எப்போது வந்தது என்று மீளமைத்த பைலில் குறித்து வைக்க வேண்டும். பழைய நாளேட்டை ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதி நடுவில் செருகக்கூடாது.

அக்காலத்தில் வன்னியில் இயங்கிய விடுதலைப் புலிகளின் நீதிமன்றங்களில் கொடுத்த கட்டளைகளைக் கொண்டுவருபவர்களும் உண்டு. அவை இலங்கை நீதிமன்ற ஏடு ஆகா.

குணமாகிவிட்டார். பைலை அழித்துவிட முடியாதா?

அழிக்க முடியாது. ஆனால் சித்தம் தெளிந்துவிட்டது என்று நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, வைத்தியச் சான்றோடு புதிய கட்டளை பெறலாம். முன்னையதன் மேல் கோடு கீறாமல், புதியதை அதற்குப் பின்னால் திகதியோடு பதிவார்கள். பிறகு பிரதி கேட்பவருக்கு முன்னையதை மட்டும் கொடுப்பது பெரிய அநியாயம். இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் ஆட்கள் யோசிக்காத ஒன்றும் இருக்கிறது. சட்டப்படி சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று தீர்மானிக்கப்பட்டவருக்கு அரசியலமைப்பின் 89ஆம் உறுப்புரைப்படி வாக்களிக்கும் தகுதி இல்லை. தெளிந்ததைப் பதிவிக்காமல் விட்டால் அது அப்படியே தொங்கும்.

கனடாவில் இருக்கும் அக்கா, அங்கே கோடே தேவையில்லை என்கிறா. அமெரிக்காவில் இருக்கும் மருமகன் வேறு ஏதோ சொல்கிறார்.

இருவரும் சரி. ஒன்றாரியோவில் ஒரு வைத்தியரே முதலாம் படிவத்தில் ஒப்பமிட்டு 72 மணித்தியாலம்வரை பரிசோதனைக்காக வைத்திருக்கலாம். அதற்குப் பிறகு மறிக்கப்படுபவர் முறையிடப் போவது ஒரு சபையிடம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. புளோரிடாவில் மனு நீதிமன்ற எழுதுவினைஞரிடமே கொடுக்கப்படுகிறது. துப்பாக்கி வாங்குவோரைச் சோதிக்கும் தரவுத்தளத்துக்கு இப்படிப்பட்ட கட்டளைகளை அறிவிக்கும் பொறுப்பும் அங்கே பல மாநிலங்களில் உண்டு. அந்தப் படிவங்களை இறக்கி நிரப்பிக்கொண்டு வவுனியாவுக்கு வராதீர்கள்.

பிரதி கையில் கிடைத்ததும் எதைப் பார்க்க வேண்டும்?

கடைசித் தாளின் அடியில் உண்மைப் பிரதி என்ற உறுதிப்படுத்தல், கையொப்பம், பதவி, திகதி, முத்திரை. அடையாள அட்டையில் உள்ளபடி பெயர். பக்க இலக்கங்கள் விடுபடாமல் வருகின்றனவா. வைத்திய அறிக்கை கேட்டிருந்தால் மூலத்தின் பிரதியும் மொழிபெயர்ப்பும் இரண்டும். நாளேட்டின் கடைசிப் பதிவு வரை இருக்கிறதா, அல்லது கட்டளைத் தாள் மட்டும்தானா. குறை இருந்தால் பஸ் ஏற முன்பே யன்னலுக்குத் திரும்பிப் போங்கள். அன்றைக்கென்றால் திருத்திக் கொடுப்பார்கள், ஒரு மாதம் கழித்து வந்தால் புது விண்ணப்பம், புதுக் கட்டணம்.